"எல்லாருக்கும் சம உரிமை உண்டு": ஆங்கிலத்தில் சண்டை வராமல் சொல்வது எப்படி?

எங்கள் அடுக்குமாடியில் பன்னிரண்டு வீடுகள், மொட்டைமாடியில் துணி காயவைக்க ஆறு கொடிகள். கணக்கு அங்கேயே இடித்தது. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குள் மேலே ஏறாவிட்டால் ஈரத்துணியோடு திரும்பி இறங்க வேண்டியதுதான். அந்த வருடம் செயலாளர் பொறுப்பு என் தலையில் விழுந்திருந்தது. ஒரு மலையாளக் குடும்பம், ஒரு குஜராத்திக் குடும்பம், மூன்றாம் மாடியில் இரண்டு வடநாட்டுப் பையன்கள் என்று கலந்து இருந்ததால் வாட்ஸ்அப் குழுவில் எல்லாமே ஆங்கிலத்தில்தான் ஓடும். "ஞாயிறன்று எல்லாரும் ஒரே நேரத்தில் காயவைக்க முடியாது, முறை வைத்துக்கொள்வோம்" என்பதுதான் நான் சொல்ல வந்தது. எழுதியது இது: "ஆல் ரெசிடென்ட்ஸ் கேனாட் டிரை க்ளோத்ஸ் ஆன் சண்டே." பத்தே நிமிடத்தில், எங்களைத் தடுக்க நீங்கள் யார் என்று இரண்டாம் மாடியிலிருந்து பதில் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை யாருமே துணி போடக்கூடாது என்று நான் சட்டம் போட்டுவிட்டதாகப் படித்திருக்கிறார்கள். அந்த வாக்கியத்தை அப்படிப் படிக்க முழு இடமும் இருந்தது, தப்பு என்னுடையதுதான்.

அன்றிலிருந்து இந்த ஒரு விஷயத்தை மட்டும், அதாவது பொதுவாக இருக்கும் ஒன்றில் எல்லாருக்கும் சமமான உரிமை என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனித்து வந்திருக்கிறேன். பார்க்கிங், தண்ணீர், ஹாஸ்டல் வாஷிங் மெஷின், ஆபீஸ் மீட்டிங் ரூம், எதுவானாலும் வாக்கிய அமைப்புகள் ஏறக்குறைய இவைதான். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், காதில் நின்றால் கையில் தானாக வரும்.

ஆளை முன்னால் வைப்பதா, பொருளை முன்னால் வைப்பதா?

தமிழில் நாம் "எனக்கு உரிமை இருக்கிறது", "எல்லாருக்கும் உண்டு" என்று 'கு' போட்டு முடித்துவிடுகிறோம். அதே பழக்கத்தில் ஆங்கிலத்துக்குப் போனால் "ஃபார் எவ்ரிபடி தேர் இஸ் ரைட்" என்று வந்து நிற்கும். ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு வாசல்கள். ஒன்று, ஆளை எழுவாயாக்கி 'ஹாஸ்' அல்லது 'ஹேவ்' போடுவது: "எவ்ரிஒன் ஹாஸ் ஈக்வல் ஆக்சஸ் டு தி டெரஸ்." இன்னொன்று, பொருளை எழுவாயாக்குவது: "தி டெரஸ் இஸ் ஓபன் டு எவ்ரிஒன்." தகவல் ஒன்றுதான், தொனி ஒன்றல்ல. ஆளை முன்னால் வைக்கும்போது அது உரிமைக் குரல், யாரோ தடுத்திருக்கிறார்கள், அதற்குப் பதில் சொல்கிறோம் என்ற வாசம் அடிக்கும். பொருளை முன்னால் வைத்தால் வெறும் அறிவிப்பு, யாரையும் குத்தாது. எனவே நோட்டீஸ் போர்டில் ஒட்டும்போது பொருளிலிருந்து தொடங்குங்கள், உங்களை நிஜமாகவே யாராவது தடுத்தால் ஆளிலிருந்து தொடங்குங்கள். இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாலே பாதி வாட்ஸ்அப் சண்டை குறைந்துவிடும் என்பது என் அனுபவம்.

'ஆக்சஸ்' என்ற சொல்லிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. பெயர்ச்சொல்லாக வந்தால் பின்னால் 'டு' கட்டாயம், முன்னால் 'ஒரு' என்ற பொருளில் வரும் 'ஆன்' கூடாது: "ஐ டோன்ட் ஹேவ் ஆக்சஸ் டு தி ஃபோல்டர்." வினைச்சொல்லாக வந்தால் 'டு' வரவே கூடாது: "ஐ கான்ட் ஆக்சஸ் தி ஃபோல்டர்." இரண்டையும் கலந்து "ஐ கான்ட் ஏபிள் டு ஆக்சஸ் டு தி ஃபோல்டர்" என்று எழுதுபவர்கள் எல்லா ஆபீசிலும் இருக்கிறார்கள், நானும் ஒரு காலத்தில் அந்தக் கூட்டம்தான். 'கான்ட்' வந்தால் 'ஏபிள்' வேண்டாம், 'ஆம் நாட் ஏபிள் டு' என்றால் 'கான்ட்' வேண்டாம்.

'அவெய்லபிள்' வரும்போது ஆளுக்கு 'டு', வேலைக்கு 'ஃபார்' என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. "தி ஹால் இஸ் அவெய்லபிள் டு ஆல் ரெசிடென்ட்ஸ் ஃபார் பர்த்டே பார்ட்டீஸ்." ஒரே வாக்கியத்தில் இரண்டும் வந்துவிட்டது, இதையே மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

'வீ' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்

இது தமிழ் பேசுபவர்கள் கவனிக்கவே மாட்டோம், ஏனென்றால் நம்மிடம் இந்தப் பிரச்சினையே கிடையாது. 'நாம்' என்றால் கேட்பவரும் சேர்ந்தவர், 'நாங்கள்' என்றால் அவர் வெளியே. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'வீ'தான். "வீ ஹேவ் ஈக்வல் ரைட்ஸ் டு தி பார்க்கிங் ஏரியா" என்று நீங்கள் நல்ல மனதோடு 'நாம்' என்ற அர்த்தத்தில் எழுதுகிறீர்கள், படிக்கும் வாடகைக்காரர் அதை 'நாங்கள்', அதாவது வீட்டுச் சொந்தக்காரர்கள், என்று எடுத்துக்கொள்கிறார். இதைத் தவிர்க்க ஆங்கிலக்காரர்கள் கூடவே ஒரு சொல் ஒட்டுவார்கள்: "ஆல் ஆஃப் அஸ்", இரண்டே பேர் என்றால் "போத் ஆஃப் அஸ்". இன்னும் தெளிவாக வேண்டுமானால் கடைசியில் 'அலைக்': "தி லிஃப்ட் இஸ் ஃபார் ஆல் ஆஃப் அஸ், ஓனர்ஸ் அண்ட் டெனன்ட்ஸ் அலைக்." இந்த 'அலைக்' அழகான சொல். இரண்டு தரப்பையும் பெயர் சொல்லிவிட்டு இருவருக்கும் ஒன்றுபோல என்று முடித்துவிடும், யாரும் தன்னை விட்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது.

இதோடு ஒருமை பன்மைத் தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். 'எவ்ரிஒன்', 'ஈச் ஃப்ளாட்', 'ஈச் ஆஃப் அஸ்' எல்லாம் 'ஹாஸ்' கேட்கும், 'ஆல் ஆஃப் அஸ்' மட்டும் 'ஹேவ்' கேட்கும். எத்தனை பேரைக் குறித்தாலும் 'எவ்ரிஒன்' ஒருமைதான். சரி, அடுத்தது.

"எனக்கும்" என்பதில் உள்ள அந்த 'உம்'

"எனக்கும் உரிமை உண்டு" என்று சொல்லும்போது அந்த 'உம்' செய்யும் வேலை சாதாரணமானதல்ல. உனக்கு எவ்வளவோ அவ்வளவு எனக்கும் என்று ஒரே எழுத்தில் சொல்லிவிடுகிறது. இதை "ஐ ஆல்சோ ஹேவ் ரைட்" என்று மாற்றினால் பாதி சக்தி போய்விடும், 'ரைட்' முன்னால் 'எ' இல்லாமல் நொண்டவும் செய்யும். ஆங்கிலத்தில் இதற்கென்றே ஒரு அமைப்பு இருக்கிறது: "ஐ ஹேவ் ஜஸ்ட் ஆஸ் மச் ரைட் டு யூஸ் தி டெரஸ் ஆஸ் யூ டூ." முதல் 'ஆஸ்' அளவைத் தொடங்குகிறது, இரண்டாவது 'ஆஸ்' யாரோடு ஒப்பிடுகிறோம் என்று காட்டுகிறது, கடைசியில் வரும் 'டூ' பேச்சில் விடுபடலாம், இருந்தால் வாக்கியம் முழுமையாக நிற்கும். ஒரு ஆளைக் குறிவைக்க விரும்பாவிட்டால் 'ஆஸ் யூ டூ' இடத்தில் 'ஆஸ் எனிஒன் எல்ஸ்' போடுங்கள், கோபம் ஒரு படி இறங்கும். திருப்பிப் போட்டு எதிர்மறையாகவும் சொல்லலாம்: "யூ ஹேவ் நோ மோர் ரைட் டு இட் தேன் ஐ டூ." என்னைவிட உனக்கு ஒரு இம்மிகூட அதிகம் கிடையாது என்று அர்த்தம். இது கொஞ்சம் காரமான வாக்கியம், நேரில் ஆள் நிற்கும்போது சொல்வதற்கு முன் யோசித்துக்கொள்ளுங்கள்.

உரிமையைச் சொல்ல 'என்டைட்டில்ட் டு' என்றும் ஒன்று உண்டு. "எவ்ரி ஃப்ளாட் இஸ் என்டைட்டில்ட் டு ஒன் பார்க்கிங் ஸ்லாட்." எழுத்து வழக்கில், கடிதத்தில், மின்னஞ்சலில் கச்சிதமாக உட்காரும். ஆனால் 'டு' இல்லாமல் ஒருவரைப் பார்த்து "ஹீ இஸ் ஸோ என்டைட்டில்ட்" என்றால் இப்போதெல்லாம் அது வசவு, எல்லாம் தனக்கே வேண்டும் என்று நினைப்பவன் என்று பொருள். 'எலிஜிபிள் ஃபார்' வேறு, அது தகுதி. தகுதி இருந்தால் விண்ணப்பிக்கலாம், உரிமை இருந்தால் கொடுத்தே ஆக வேண்டும்.

ஆளுக்கா, வீட்டுக்கா?

தமிழில் 'ஆளுக்கு ஒன்று', 'தலைக்கு இரண்டு', 'வீட்டுக்கு ஒரு குடம்' என்று மறுபடியும் அதே 'கு'வில் பங்கு பிரித்துவிடுவோம். ஆங்கிலத்தில் இதற்கு 'பெர்': "ஒன் கார் பெர் ஃப்ளாட்", "டூ டோக்கன்ஸ் பெர் ஹெட்". பேச்சில் 'ஈச்' போதும்: "வீ கெட் டூ ஈச்." 'பெர்' பின்னால் வரும் சொல்லைப் பத்து தடவை யோசித்துப் போடுங்கள், ஏனென்றால் 'பெர் பர்சன்' என்பதற்கும் 'பெர் ஹவுஸ்ஹோல்ட்' என்பதற்கும் இடையில் ஒரு மூட்டை அரிசி வித்தியாசம். இது வெறும் பேச்சல்ல. 2013 ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் முன்னுரிமைக் குடும்பத்தில் உள்ளவர்களுக்கு மாதம் ஆளுக்கு 5 கிலோ தானியம், மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைக்கு மாதம் குடும்பத்துக்கு 35 கிலோ. முன்னதில் 'பெர் பர்சன் பெர் மன்த்', பின்னதில் 'பெர் ஹவுஸ்ஹோல்ட் பெர் மன்த்'. இரண்டு பேர் மட்டும் உள்ள வீட்டுக்கும் எட்டுப் பேர் உள்ள வீட்டுக்கும் இந்த ஒரு சொல் எதை எப்படி மாற்றும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கோடையில் லாரித் தண்ணீர் பிரிக்கும்போது உங்கள் அடுக்குமாடியில் வரும் சண்டையும் இதே சண்டைதான்.

'ஈக்வல்' என்று எழுதுவதற்கு முன்பும் ஒரு நிமிடம் நில்லுங்கள். பத்திரத்தில் 'பிரிபடாத பாகம்' என்று வருமே, ஆங்கிலத்தில் 'அன்டிவைடட் ஷேர்', யூடிஎஸ், அது பொதுவாக வீட்டின் சதுர அடியைப் பொறுத்துக் கூடும் குறையும், அதைப் போய் 'ஈக்வல் ஷேர்' என்று எழுதினால் பெரிய வீட்டுக்காரர் விடமாட்டார். அளவைப் பொறுத்துப் பிரிப்பதற்கு 'இன் ப்ரொபோர்ஷன் டு' அல்லது 'ப்ரோ ரேட்டா'. பஞ்சாப், ஹரியானா கால்வாய்ப் பாசனத்தில் 'வாரபந்தி' என்ற முறை உண்டு, வாரத்தில் ஒவ்வொரு விவசாயிக்கும் குறித்த நேரத்தில் முறை வரும், ஆனால் எவ்வளவு நேரம் என்பது நிலத்தின் அளவைப் பொறுத்தது. அதை "ஈச் டர்ன் இஸ் இன் ப்ரொபோர்ஷன் டு தி சைஸ் ஆஃப் தி லேண்ட்" என்று சொல்லலாம். எல்லாருக்கும் முறை உண்டு, முறையின் நீளம் சமமில்லை. இப்படிப்பட்ட இடங்களில் 'ஈக்வல்' பொய்யாகிவிடும், 'ஃபேர் ஷேர்' என்று எழுதினால் தப்பிக்கலாம்.

முறை வைத்துக்கொள்வது

நம் ஊரில் அணை திறக்கும்போது 'முறைப்பாசனம்' என்று செய்தியில் வரும், அந்த 'முறை'க்கு ஆங்கிலத்தில் 'டர்ன்'. வினையாக 'டேக் டர்ன்ஸ்': "லெட்ஸ் டேக் டர்ன்ஸ் யூசிங் தி வாஷிங் மெஷின்." நம்மவர்கள் 'டர்ன் பை டர்ன்' என்று எழுதுவார்கள், இந்தியாவுக்குள் புரிந்துவிடும், வெளியே அது பெரும்பாலும் மேப்பில் இடது வலது என்று வழி சொல்வதற்கு. 'பை டர்ன்ஸ்' என்றால் இன்னும் வேறு, ஒரு நேரம் இப்படி ஒரு நேரம் அப்படி. எனவே 'டேக் டர்ன்ஸ்' ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதற்கு 'எவ்ரி அதர் டே' அல்லது 'ஆன் ஆல்டர்னேட் டேஸ்', நோட்டீசில் கொஞ்சம் கெத்தாக வேண்டுமானால் 'ஆன் எ ரொட்டேட்டிங் பேசிஸ்'.

முந்தியவருக்கு முதலில் என்பது 'ஃபர்ஸ்ட் கம், ஃபர்ஸ்ட் சர்வ்டு'. கடைசியில் உள்ள அந்த 'டு' ஒலி விழவே கூடாது. 'ஃபர்ஸ்ட் சர்வ்' என்று எழுதினால் முதலில் வந்தவர் மற்றவர்களுக்குப் பரிமாற வேண்டும் என்று ஆகிவிடும், கல்யாண வீட்டில் வேண்டுமானால் அது நடக்கலாம். ஊரில் பாதி நோட்டீஸ் போர்டுகளில் 'சர்வ்' என்றுதான் இருக்கிறது, அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாதீர்கள். வாக்கியத்துக்குள் வைக்கும்போது: "ஸ்லாட்ஸ் ஆர் கிவன் ஆன் எ ஃபர்ஸ்ட் கம், ஃபர்ஸ்ட் சர்வ்டு பேசிஸ்." யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று தோழமையாகச் சொல்ல 'அப் ஃபார் கிராப்ஸ்'. ஆபீசில் பிறந்தநாள் கேக் மிச்சமிருந்தால் இதைச் சொல்லலாம், பார்க்கிங்குக்குச் சொல்லாதீர்கள்.

'இல்லை' வரும் இடங்கள்

இங்கேதான் நான் விழுந்தேன், அதனால் இதில் கொஞ்சம் நிற்கிறேன். 'ஆல்' போட்டுப் பின்னால் 'நாட்' போட்டால் ஆங்கிலத்தில் இரண்டு அர்த்தம் வரும்: ஒருவரும் கூடாது, அல்லது எல்லாராலும் முடியாது, சிலரால் முடியும். தமிழில் "எல்லாரும் வர முடியாது" என்றாலும் அதே குழப்பம்தான், ஆனால் நாம் குரலில் சரிசெய்துவிடுவோம், நோட்டீசுக்குக் குரல் இல்லையே. யாருமே கூடாது என்றால் 'நோ ஒன் மே': "நோ ஒன் மே பார்க் இன் ஃப்ரன்ட் ஆஃப் தி கேட்." எல்லாராலும் ஒரே நேரத்தில் முடியாது என்றால் 'நாட் ஆல்' அல்லது 'வீ கான்ட் ஆல்': "வீ கான்ட் ஆல் டிரை க்ளோத்ஸ் அட் தி சேம் டைம்." இந்த ஒரு வாக்கியத்தை அன்றைக்கே எழுதியிருந்தால் இரண்டாம் மாடியில் எனக்கு இன்னும் காபி கிடைத்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, 'எனிஒன்' என்று சேர்த்து எழுதுவதும் 'எனி ஒன்' என்று பிரித்து எழுதுவதும். "தி டெரஸ் டஸ்ன்ட் பிலாங் டு எனிஒன்" என்றால் மொட்டைமாடி யாருக்குமே சொந்தமில்லை, கேட்பாரற்றது. "டஸ்ன்ட் பிலாங் டு எனி ஒன் ஃபேமிலி" என்றால் எந்த ஒரு குடும்பத்துக்கும் தனியாகச் சொந்தமில்லை, எல்லாருக்கும் பொது. நமக்கு வேண்டியது இரண்டாவது. நடுவில் ஒரு இடைவெளி, பின்னால் ஒரு பெயர்ச்சொல், அவ்வளவுதான்.

'பொது' என்பதையே 'பப்ளிக்' என்று போடுபவர்களும் உண்டு. தெருக்குழாய் 'பப்ளிக் டாப்', அதில் யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். மாடிப்படி 'காமன் ஏரியா', உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் பொது. 'ஷேர்ட்' என்றால் பெரும்பாலும் இன்னும் குறைவான பேர், இரண்டு மூன்று வீடு சேர்ந்து வைத்துக்கொள்வது. ஷேர் ஆட்டோவை இலக்கணப்படி 'ஷேர்ட் ஆட்டோ' என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் அப்படிக் கூப்பிட்டால் வண்டி நிற்காது, விடுங்கள்.

கடைசியாக 'ஃப்ரீ ஃபார் ஆல்'. கட்டணம் இல்லை, எல்லாரும் வரலாம் என்ற நல்லெண்ணத்தில் எழுதுவார்கள். ஆனால் அந்த மூன்று சொல்லும் சேர்ந்தால் ஆங்கிலத்தில் கட்டுப்பாடில்லாத அடிதடி என்று ஒரு பொருள் இருக்கிறது. "ஃப்ரீ ஆஃப் சார்ஜ் ஃபார் ஆல் ரெசிடென்ட்ஸ்" என்று நீட்டி எழுதுங்கள்.

சட்டம் இதை எப்படி எழுதுகிறது

இதே கருத்தை நிஜமான எடையோடு எழுதிய ஆங்கிலம் பார்க்க வேண்டுமென்றால் நம் அரசியலமைப்பின் 15(2) ஆம் பிரிவைப் படியுங்கள். மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணம் காட்டி எந்தக் குடிமகனையும் தடுக்கக்கூடாது என்று சொல்லும்போது கடைகள், உணவகங்களுக்கு 'ஆக்சஸ் டு' என்றும், கிணறு, குளம், படித்துறை, சாலைகளுக்கு 'தி யூஸ் ஆஃப்' என்றும் பிரித்து எழுதியிருக்கிறார்கள். ஆக்சஸ் என்றால் உள்ளே போக முடிவது, யூஸ் என்றால் அள்ளிக் குடிக்க முடிவது. இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு மகாராஷ்டிரத்தின் மஹாட் ஊர் சாட்சி. பொதுக் குளங்களைத் தீண்டப்படாதோர் என்று ஒதுக்கப்பட்டவர்களும் பயன்படுத்தலாம் என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டும் அந்த ஊரின் சவதார் குளத்துத் தண்ணீரை அவர்களால் தொட முடியவில்லை, 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய் அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தது. இந்திய ஆங்கிலத்தில் 'டாங்க்' என்றால் குளம் என்பதும் இந்தப் பிரிவைப் படிக்கும்போது நினைவில் இருக்க வேண்டும், சின்டெக்ஸ் தொட்டி அல்ல.

அந்த 'யூஸ் ஆஃப்' நமக்கும் பயன்படும். "டெனன்ட்ஸ் ஹேவ் தி யூஸ் ஆஃப் தி கார்டன்" என்றால் தோட்டம் அவர்களுக்குச் சொந்தமில்லை, அனுபவிக்கலாம். 1948இன் மனித உரிமைப் பிரகடனத்தில் 21(2) ஆம் பிரிவு 'தி ரைட் ஆஃப் ஈக்வல் ஆக்சஸ் டு பப்ளிக் சர்வீஸ்' என்று எழுதிவிட்டு 'இன் ஹிஸ் கன்ட்ரி' என்று முடிக்கும். அந்தக் காலத்து 'ஹிஸ்' அது, இன்று நாம் எழுதினால் 'தேர்' போட வேண்டும். சட்ட வாசகத்தைப் பார்த்து ஆசைப்பட்டு மொட்டைமாடி நோட்டீசில் 'ஷல் பி என்டைட்டில்ட் டு' என்று எழுதிவிடாதீர்கள், படிப்பவர் வக்கீலைத் தேடுவார்.

சரி, இவ்வளவையும் வைத்து நான் இரண்டாவது முறை குழுவில் போட்டது இது:

"தி டெரஸ் இஸ் ஓபன் டு ஆல் ஆஃப் அஸ், ஓனர்ஸ் அண்ட் டெனன்ட்ஸ் அலைக். வீ ஹேவ் ஒன்லி சிக்ஸ் லைன்ஸ், ஸோ வீ கான்ட் ஆல் டிரை க்ளோத்ஸ் அட் தி சேம் டைம். லெட்ஸ் டேக் டர்ன்ஸ் ஆன் சண்டேஸ்: சிக்ஸ் ஃப்ளாட்ஸ் பிஃபோர் நூன், சிக்ஸ் ஆஃப்டர், ஒன் லைன் பெர் ஃப்ளாட். ஆன் அதர் டேஸ், இட்ஸ் ஃபர்ஸ்ட் கம், ஃபர்ஸ்ட் சர்வ்டு."

பொருளில் தொடங்கி, எல்லாரையும் உள்ளே இழுத்து, காரணம் சொல்லி, முறை சொல்லி, வீட்டுக்கு எவ்வளவு என்று சொல்லி முடிகிறது. நான்கு கட்டைவிரல்கள் வந்தன. குஜராத்தி மேடம் மட்டும், தங்கள் வீட்டில் ஏழு பேர், ஒரு கொடி எப்படிப் போதும் என்று கேட்டார். 'பெர் ஃப்ளாட்' போட்டதன் விளைவு. 'பெர் பர்சன்' போட்டிருந்தால் தனியாக இருக்கும் கீழ்வீட்டுத் தாத்தா கேட்டிருப்பார்.

அப்புறம், நீங்களே அடுத்தவர் முறையில் மெஷினைப் போட்டுவிட்டு மாட்டிக்கொண்டால் விளக்கம் எல்லாம் வேண்டாம், இரண்டே வாக்கியம்: "சாரி, ஐ டிடன்ட் ரியலைஸ் இட் வாஸ் யுவர் டர்ன். ஐ'ல் பி டன் இன் டென் மினிட்ஸ்." பத்து நிமிடத்தில் எடுத்தும் விடுங்கள்.